பழைய கிராண்ட் பேங்க்ஸ் படகு வாங்குவது எப்படி? சியாட்டில் பகுதியில் முதல் படகு தேடுவோருக்கு

சியாட்டிலில் வேலைக்கு வந்து சில ஆண்டுகள் ஆன தமிழ்க் குடும்பங்களில் படகு ஆசை தொற்றிக்கொள்வதைப் பார்க்கிறேன். லேக் யூனியன் கரையில் மாலை நடை போகிறவர் கண்ணில் வெள்ளை உடலும் தேக்குத் தளமும் கொண்ட ஒரு பழைய மோட்டார் படகு படுகிறது. "விற்பனைக்கு" என்ற அட்டை கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. விலையைப் பார்த்தால் ஒரு நல்ல காரின் விலையை விடச் சற்றுதான் அதிகம். அன்று இரவே கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்.

அந்த ஆசை நல்ல ஆசை. பியூஜெட் சவுண்டும் சான் யுவான் தீவுகளும் படகில் வாழவும் பயணிக்கவும் உலகிலேயே சிறந்த கடற்பகுதிகளில் சேரும் என்று நம்புகிறேன். நாற்பது வயதுப் படகை வாங்கலாமா கூடாதா என்று வயதை வைத்துத் தீர்மானிப்பதுதான் சரியல்ல. நாற்பது ஆண்டுகளாக அதை யார், எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதே கேள்வி. நீங்கள் விலை கொடுப்பது முந்தைய உரிமையாளரின் பராமரிப்புக்கு. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தப் பராமரிப்பு இருந்ததா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்கும் வழிதான்.

உதாரணத்துக்கு ஒரே படகை எடுத்துக்கொள்கிறேன்: கிராண்ட் பேங்க்ஸ் 42. இந்தப் பகுதியில் பழைய படகுச் சந்தையில் அடிக்கடி வருவது, பாகங்கள் இன்னும் கிடைப்பது, அதன் நோய்கள் எல்லாருக்கும் தெரிந்தவை என்று காரணங்கள் பல.

படகை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

கிராண்ட் பேங்க்ஸ் படகுகளை 1960களில் ஹாங்காங்கில் அமெரிக்கன் மரீன் என்ற நிறுவனம் கட்டத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் சிங்கப்பூரிலும் தளம் அமைத்தார்கள். இன்று சந்தையில் இருக்கும் பெரும்பாலான 42 அடிப் படகுகள் சிங்கப்பூரில் கட்டப்பட்டவை. 1973 வரை முழுக்க மரம். அதன்பின் கண்ணாடியிழை. முதல் படகு வாங்குகிறவருக்கு என் அறிவுரை: 1973-க்கு முந்தைய மரப்படகைத் தொடாதீர்கள். அவை அழகானவை, ஆனால் மரவேலை தெரிந்தவர் கையில்தான் பிழைக்கும்.

இது விரைவுப் படகு அல்ல. நீரைக் கிழித்துக்கொண்டு நிதானமாகப் போகும் வகை. நீர்மட்டத்தில் ஏறக்குறைய 41 அடி நீளம் இருப்பதால் எட்டு, எட்டரை நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துக்கு மேல் விரட்டினால் எரிபொருள்தான் கரையும், வேகம் பெரிதாக ஏறாது. ஏழரை நாட் வேகத்தில் போனால் இரண்டு எஞ்சினும் சேர்ந்து மணிக்கு நான்கைந்து காலன் டீசல் குடிக்கும். தொட்டியில் 600 காலன் பிடிக்கும். வார இறுதியில் இரண்டு மணி நேரத்தில் தீவுக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்பவருக்கு இது சரிப்படாது. ஒரு வாரம் விடுப்பு எடுத்து, படகிலேயே சமைத்து, படகிலேயே உறங்கி, தீவு தீவாகப் போகிறவருக்கு இதைவிட நல்லது கிடைப்பது அரிது.

கிளாசிக் என்ற வடிவத்தில் பின்பக்கம் தனி அறை உண்டு. முன்பக்கம் இன்னொரு அறை. இரண்டு கழிவறை. பெற்றோர் ஊரிலிருந்து வரும்போது அவர்களுக்குத் தனியிடம் கொடுக்கலாம் என்பதால் நம் குடும்பங்களுக்கு இந்த அமைப்பு பொருந்தும்.

விளம்பரத்தைப் படிப்பது

விற்பனை விளம்பரத்தில் என்ன இருக்கிறது என்பதை விட என்ன இல்லை என்று பாருங்கள். முப்பது படங்கள் போட்டு எஞ்சின் அறையின் படம் ஒன்றுகூட இல்லை என்றால் கேளுங்கள். "எஞ்சின்கள் நன்றாக ஓடுகின்றன" என்பது தகவல் அல்ல. எந்த ஆண்டு வெப்பப் பரிமாற்றி மாற்றப்பட்டது, எரிபொருள் தொட்டிகள் அசலா புதியனவா, தேக்குத் தளம் எப்போது சீரமைக்கப்பட்டது என்று எழுதுகிறவர் தன் படகை அறிந்தவர். பதினைந்து ஆண்டுப் பழைய ரேடாரையும் வரைபடத் திரையையும் பெரிய சொத்தாகப் பட்டியலிட்டிருந்தால் அவற்றை மதிப்பே இல்லாதவையாகக் கணக்கிடுங்கள்.

எஞ்சின் ஓடிய மணி நேரம் குறைவாக இருந்தால் மகிழாதீர்கள். பழைய 42-களில் பெரும்பாலும் இருப்பது லேமன் 120. ஃபோர்டின் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றியது, 6.2 லிட்டர், டர்போ கிடையாது. முறையாக எண்ணெய் மாற்றி ஓட்டியவை பத்தாயிரம் மணி நேரத்தைத் தாண்டியும் ஓடுகின்றன. ஆண்டுக்கு இருபது மணி நேரம் மட்டும் ஓடிய எஞ்சின் உள்ளே துருப்பிடித்துக் கிடக்க வாய்ப்பு அதிகம்.

தனியாக ஒரு பார்வை

சர்வேயருக்கு, அதாவது படகை ஆய்ந்து அறிக்கை தரும் நிபுணருக்கு, பணம் கொடுக்கும் முன் நீங்களே ஒரு அரைநாள் செலவிடுங்கள். பழைய உடை, நல்ல டார்ச், ஒரு கைக்கண்ணாடி, காகிதத் துண்டு போதும். மழை பெய்த மறுநாள் போவது உத்தமம். சியாட்டிலில் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

கதவைத் திறந்ததும் மூச்சை இழுங்கள். டீசல் வாடை, பூஞ்சை வாடை, கழிவறை வாடை மூன்றுக்கும் மூன்று வேறு காரணங்கள், மூன்று வேறு செலவுகள். வாசனைத் தெளிப்பான் மணம் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு தளம். அரை அங்குலத் தடிமனுள்ள தேக்குப் பலகைகளைக் கண்ணாடியிழைத் தளத்தின் மேல் வைத்து ஆயிரக்கணக்கான திருகுகளால் இறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு திருகின் தலையையும் சிறிய மரமுளை மூடியிருக்கும். ஆண்டுக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் தேக்கு மெலியும், முளைகள் கழன்றுவிடும், மழைநீர் திருகு வழியே கீழிறங்கித் தளத்தின் உள்ளடுக்கை ஊறவைக்கும். முளை இல்லாத துளைகளை எண்ணுங்கள். வெறுங்காலுடன் நடந்து எங்காவது தளம் மெத்தென்று அமுங்குகிறதா என்று பாருங்கள். முழுத் தளத்தையும் பிரித்துச் சீரமைக்கும் செலவு பல பத்தாயிரம் டாலரைத் தொடும். பேரத்தில் மிகப் பெரிய எண் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது ஜன்னல்கள். மரச்சட்டத்தில் நகரும் கண்ணாடிகள். சட்டத்தின் அடியில் நீர் வடிய சிறு துளைகள் உண்டு. அவை அடைத்தால் நீர் உள்பக்கம் திரும்பும். ஒவ்வொரு ஜன்னலின் கீழ் மூலையிலும் மரப்பூச்சு கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கறுத்த இடத்தை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் பழைய கறை, அமுங்கினால் உள்ளே பிளைவுட் அழுகிவிட்டது. மரப்படகையே கெடுப்பது கடல்நீரை விட மழைநீர்தான் என்பதை இந்த ஊரில் மறக்கக் கூடாது. கூரைக்கொட்டகையில் வளர்ந்த படகுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான். லேக் யூனியன், போர்ட்டேஜ் பே பக்கங்களில் கூரையிட்ட நிறுத்துமிடங்களில் இருந்த படகின் தேக்கையும் வெட்டவெளியில் கிடந்த படகின் தேக்கையும் அருகருகே பார்த்தவருக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இப்போது தரைப்பலகையைத் தூக்கி எஞ்சின் அறைக்குள் இறங்குங்கள். எஞ்சின்களின் இருபுறமும் இரும்பு எரிபொருள் தொட்டிகள் இருக்கும். தளத்தின் எரிபொருள் மூடியைச் சுற்றி நீர் கசிந்தால் அது நேராகத் தொட்டியின் தலையில் விழும். இரும்பு வெளியிலிருந்து உள்நோக்கித் துருவேறும். கைக்கண்ணாடியால் தொட்டியின் மேற்பரப்பையும் அடிவிளிம்பையும் பாருங்கள். அடியில் டீசல் ஈரம் இருந்தால் தொட்டி மாற்ற வேண்டிவரும். அதற்குப் பழைய தொட்டியை வெட்டி எடுக்க வேண்டும், சில சமயம் எஞ்சினையே நகர்த்த வேண்டும்.

லேமன் 120-க்கு ஒரு தனிப் பரீட்சை உண்டு. அதன் டீசல் பம்புக்குத் தனியாக எண்ணெய் இருக்கிறது. அதை ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உரிமையாளரிடம் பேச்சுவாக்கில், "டீசல் பம்பின் எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். உடனே பதிவேட்டை எடுத்துக் காட்டினால் நல்ல கையில் இருந்த படகு. "அதற்குத் தனியாக எண்ணெயா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் அந்தப் படகின் மற்ற எல்லாப் பதில்களையும் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

கியர் எண்ணெயைக் காகிதத் துண்டில் தொட்டுப் பாருங்கள். தயிர்போல வெளுத்திருந்தால் எண்ணெய்க் குளிர்விப்பான் உடைந்து கடல்நீர் கலந்திருக்கிறது. கரை மின்சாரம் செருகும் பிளக்கின் முனைகள் பழுப்பேறிக் கருகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். படகுத் தீ விபத்துகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

விலை பேசும் முன் காப்பீடு

புதியவர்கள் வரிசையை மாற்றிச் செய்வது இந்த இடத்தில்தான். விலை பேசி முடித்தபின் காப்பீடு தேடுகிறார்கள். நாற்பது வயதுப் படகை எடுத்துக்கொள்ளவே தயங்கும் நிறுவனங்கள் உண்டு. எடுத்துக்கொள்பவை அண்மைய சர்வே அறிக்கை கேட்கும். அனுபவம் இல்லாதவர் 42 அடிப் படகு வாங்கினால் உரிமம் பெற்ற கேப்டனிடம் சில மணி நேரம் பயிற்சி பெற்ற சான்று கேட்கும். காப்பீடு இல்லாமல் மரீனாவில் இடம் கிடைக்காது. ஆகவே படகின் விவரத்தைக் கொடுத்து முதலிலேயே விசாரியுங்கள்.

படகு நிறுத்த இடமும் அப்படியே. விற்பவரின் இடம் உங்களுக்கு வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் வராது. நல்ல மரீனாக்களில் 42 அடி இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. படகு தேடத் தொடங்கும் அன்றே அந்தப் பட்டியலில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

ஆண்டுச் செலவுக்குப் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்குங்கள் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பழைய படகுக்கு அது பொருந்தாது. 60,000 டாலருக்கு வாங்கிய 42 அடிக்கும் 2,00,000 டாலருக்கு வாங்கிய 42 அடிக்கும் நிறுத்துமிட வாடகை ஒன்று, கரையேற்றும் கூலி ஒன்று, அடிப்பூச்சு ஒன்று. மலிவான படகுக்குத்தான் முதல் சில ஆண்டுகளில் அதிகம் செலவாகும்.

ஒப்பந்தமும் சர்வேயும்

விலை ஒத்துவந்தால் தரகரின் தனிக் கணக்கில் பத்து சதவீத முன்பணம் போடுவது வழக்கம். ஒப்பந்தத்தில் சர்வே, கடலோட்டம் (கடலில் ஓட்டிப் பார்ப்பது), காப்பீடு, கடன் ஆகியவை திருப்தியாக இருந்தால் மட்டுமே வாங்குவேன் என்ற நிபந்தனையும், எந்தத் தேதிக்குள் ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் முன்பணத்துக்கு ஆபத்து.

சர்வேயரை நீங்களே தேர்ந்தெடுங்கள். சாம்ஸ், நாம்ஸ் என்ற இரண்டு அமைப்புகளின் சான்று பெற்றவர்களில், கிராண்ட் பேங்க்ஸ் படகுகளை நன்கறிந்த ஒருவர். தரகர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் காட்டும் ஒரே பெயரை எடுக்காதீர்கள். எஞ்சினுக்குத் தனியாக ஒரு டீசல் மெக்கானிக் வேண்டும். படகுச் சர்வேயர் எஞ்சினை ஆழமாகப் பார்க்க மாட்டார். எண்ணெய் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இந்தச் செலவுகளும் கரையேற்றும் கூலியும் வாங்குபவருடையவை, படகை வாங்காமல் விட்டாலும் திரும்பாது. அந்தப் பணம் வீணல்ல. தவறான படகிலிருந்து உங்களைக் காப்பாற்றியதற்கான விலை.

படகை வார்ப்பட்டைகளில் தூக்கிக் கரையில் வைக்கும்போது நீங்களும் அங்கே இருங்கள். சர்வேயர் சிறு சுத்தியலால் உடல் முழுவதும் தட்டிக்கொண்டே போவார். கணீரென்ற ஒலி மந்தமாகும் இடத்தில் நின்று சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவார். கூடவே நடந்து, கேள்வி கேளுங்கள். பிற்பாடு வரும் நாற்பது பக்க அறிக்கையை விட இந்த ஒரு மணி நேரத்தில் அதிகம் கற்பீர்கள். நீர்மட்டத்துக்குக் கீழே சிறு கொப்புளங்கள் தெரிந்தால் பயந்து ஓடாதீர்கள். அந்தக் காலக் கண்ணாடியிழையில் அவை சாதாரணம், பெரும்பாலும் அவசரமும் இல்லை. கடல்நீர் உள்ளே வரும் வெண்கலக் குழாய்வாய்கள் இளஞ்சிவப்பாக மாறியிருப்பது, வால்வு திரும்பாமல் இறுகியிருப்பது, சுக்கான் ஆடுவது, புரொப்பெல்லர் தண்டு தளர்ந்திருப்பது, இவைதான் கவலைப்பட வேண்டியவை. படகை மூழ்கடிக்கக் கூடியவை.

கடலோட்டத்தன்று காலையில் உரிமையாளருக்கு முன்பே போய் எஞ்சின் மேல் கை வையுங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் கிளம்பச் சிரமப்படுவதை மறைக்க அவர் முன்கூட்டியே ஓட்டியிருக்கலாம். வேறு நாள் கேளுங்கள். கிளம்பியதும் சற்று வெண்புகை வந்து ஓரிரு நிமிடத்தில் மறைவது சரி. நீலப்புகை எண்ணெய் எரிகிறது என்பதன் அடையாளம். திறந்த நீரில் முழு வேகம் கொடுக்கச் சொல்லுங்கள். லேமன் 120 நிமிடத்துக்கு ஏறக்குறைய 2500 சுற்றைத் தொட்டு, பத்து நிமிடம் அங்கேயே நின்று, வெப்பமானி முள் ஏறாமல் இருக்க வேண்டும். சுற்று எட்டவில்லை என்றால் அடி அழுக்கு, பொருந்தாத புரொப்பெல்லர், சோர்ந்த எஞ்சின் என்று மூன்றில் ஒன்று. முள் மெல்ல மெல்ல ஏறினால் குளிர்விக்கும் வழி அடைத்திருக்கிறது. அதிகச் சூடு இந்த எஞ்சினின் நீளமான சிலிண்டர் தலையை வளைத்துவிடும்.

அறிக்கை வந்தபின் எல்லாவற்றுக்கும் விலை குறைக்கச் சொல்லாதீர்கள். முதல் பார்வையிலேயே உங்கள் கண்ணில் பட்டதையெல்லாம் கணக்கிட்டுத்தான் விலை சொன்னீர்கள். சர்வேயில் புதிதாகத் தெரிந்தவை, அவற்றுள்ளும் பாதுகாப்புக்கும் எஞ்சினுக்கும் உரியவை, இவற்றுக்கு மட்டும் மெக்கானிக்கின் மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக் கேளுங்கள். நியாயமாகப் பேசுகிறவருக்கு உரிமையாளர்கள் விற்ற பிறகும் தொலைபேசியில் உதவுகிறார்கள். அந்த உதவியின் மதிப்பு பெரிது.

தாள்கள்

பெரும்பாலான 42 அடிப் படகுகள் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் மத்தியப் பதிவில் இருக்கும். அப்படியென்றால் காவல்படையின் பதிவு மையத்திலிருந்து அந்தப் படகின் உரிமை வரலாற்றை வாங்கலாம். ஊரில் நிலம் வாங்கும்போது எடுக்கும் வில்லங்கச் சான்றிதழைப் போன்றது இது: யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்த வங்கியின் கடன் இன்னும் நிற்கிறது என்று காட்டும். ஆனால் அதில் பதியப்படாத பாக்கிகளும் படகோடு ஒட்டிக்கொண்டு வரும். மெக்கானிக்குக்குக் கொடுக்காத கூலி, மரீனாவுக்குக் கொடுக்காத வாடகை, இவற்றுக்காகப் புதிய உரிமையாளரின் படகையே பிடித்துவைக்க முடியும். மரீனாவிடமும் அண்மையில் வேலை செய்த பட்டறையிடமும் நேரில் விசாரித்து, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். படகின் பின்பக்கத்தில் பொறித்திருக்கும் எண் தாளில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மத்தியப் பதிவு அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே. எச்1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் படகு வாங்கலாம், சொந்தமாக வைத்திருக்கலாம். ஆனால் பழைய மத்தியப் பதிவை நீக்கிவிட்டு மாநிலத்தில் பதிய வேண்டும். அந்த நீக்கத்துக்கு நாளாகும் என்பதால் ஒப்பந்தத்திலேயே அதை விற்பவரின் பொறுப்பாக எழுதிவிடுங்கள். மத்தியப் பதிவு இருந்தால்தான் கடன் என்று சொல்லும் வங்கிகளும் உண்டு. குடிமகனாக இருந்து மத்தியப் பதிவு வைத்துக்கொண்டாலும் வாஷிங்டன் மாநிலப் பதிவும் செய்தாக வேண்டும். பதியும்போது விற்பனை வரி அல்லது பயன்பாட்டு வரி வரும். சியாட்டிலில் அது விலையில் பத்து சதவீதத்தை ஒட்டியது. அதன்பின் ஆண்டுதோறும் படகின் மதிப்பில் அரை சதவீத வரி.

முதல் பருவம்

சாவி கைக்கு வந்ததும் திரையும் மெத்தையும் வாங்கப் போகாதீர்கள். நீர்ப்பம்புகளின் ரப்பர் இம்பெல்லர்கள், பெல்ட்டுகள், எல்லா வடிகட்டிகள், எல்லா எண்ணெய், உலோக அரிப்பைத் தடுக்கும் துத்தநாகக் கட்டிகள், வெடித்த ரப்பர்க் குழாய்கள், தீயணைப்பான்கள் என்று அனைத்தையும் மாற்றி, மாற்றிய தேதியை ஒரு புதிய நோட்டில் எழுதுங்கள். வாஷிங்டனில் 1955 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர் 15 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள படகை ஓட்டப் படகோட்டிக் கல்வி அட்டை வேண்டும். அதை வாங்கிவிடுங்கள். ஆனால் அட்டை கற்றுக்கொடுப்பது விதிகளை மட்டும்தான். காற்றில் 42 அடிப் படகைத் துறையில் சேர்ப்பதை ஒரு கேப்டன் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க வேண்டும். இரட்டை எஞ்சின் இதில் பெரிய துணை. ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் இயக்கினால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும். வீட்டில் ஓட்டப்போகிற இருவரும் கற்க வேண்டும், ஒருவர் மட்டும் அல்ல.

கழிவறை விதி கண்டிப்பானது. 2018 மே முதல் பியூஜெட் சவுண்ட் முழுவதும் கழிவுநீர் வெளியேற்றத் தடை மண்டலம். சுத்திகரித்ததைக்கூட விடக் கூடாது. கழிவுத் தொட்டியை உறிஞ்சு நிலையங்களில் காலி செய்யுங்கள், கடலுக்குத் திறக்கும் வால்வைப் பூட்டிவையுங்கள்.

இந்தக் கடலில் மரக்கட்டைகள் மிதக்கும். குளிர்காலத்தில் கடல்மட்டம் மிக உயரும்போது கரையிலிருந்து அடித்துவரப்பட்டவை. சில செங்குத்தாக நீரில் ஊறி, தலை மட்டும் அலைக்கு ஒருமுறை தெரியும். முதல் ஆண்டு இரவுப் பயணமே வேண்டாம். நண்டுக்கூடுகளின் மிதவைகளையும் பார்த்து ஓட்டுங்கள், கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

சான் யுவான் தீவுகளுக்கு முதல் முறை போகும்போது விட்பி தீவின் கிழக்குப் பக்கமாகப் போங்கள். யுவான் டி ஃபூக்கா நீரிணையில் கோடைப் பிற்பகல்களில் எழும் மேற்குக் காற்று அங்கே படாது. லா கானர் வரை ஒரு நாள், அங்கே இரவு தங்கி, மறுநாள் சுவினோமிஷ் கால்வாய் வழியே அனகோர்ட்டிஸ். நெருங்கிய வழி என்று டிசெப்ஷன் பாஸ் இடுக்கை எடுக்க நினைத்தால் நீரோட்ட அட்டவணையை முதலில் பாருங்கள். அங்கே நீர் எட்டு நாட் வேகம் வரை ஓடும், உங்கள் படகின் வேகமும் எட்டு நாட்தான். நீரோட்டம் அடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே இடுக்கின் வாயில் போய்க் காத்திருந்து, அடங்கியதும் கடந்துவிடுங்கள்.